முதல்ல ஒண்ணுல போட்டுப் பாரு

2002 வாக்கில் சென்னையில் ஏதாவது ஒரு லினக்ஸ் சர்வரின் ஈடிசி டைரக்டரியைத் திறந்தால், அதை யார் யார் எந்த மனநிலையில் தொட்டார்கள் என்பதை ஃபைல் பெயர்களை வைத்தே சொல்லிவிடலாம். அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைல் ஒன்று இருக்கும். பக்கத்தில் அதே பெயரில் ‘பேக்’ என்று வால் ஒட்டிய இன்னொன்று. அடுத்து ‘ஓல்டு’, அதற்கடுத்து ‘ஓல்டு2’, பிறகு ‘ஒர்க்கிங்’, கடைசியாக ‘ஒர்க்கிங்-டோன்ட்-டச்’. எங்கள் ஆபீசில் அந்த டோன்ட்-டச்சையும் யாரோ தொட்டு, ‘டோன்ட்-டச்-நியூ’ என்று சேமித்து வைத்திருந்தார்.

இதில் எது சார் உண்மையான கான்ஃபிக் என்று கேட்டால், “எது ஓடுதோ அதுதான்” என்பார் சீனியர். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. சர்வீஸ் கடைசியாக ஸ்டார்ட் ஆன நேரத்தில் படித்த கான்ஃபிக் மெமரியில் இருக்கும். அதன் பிறகு டிஸ்கில் இருக்கும் ஃபைலில் யார் எதை மாற்றினாலும், ரீஸ்டார்ட் செய்யும்வரை அதற்குத் தெரியாது. ஆறு மாதம் முன்பு ஒருவர் மாற்றிவிட்டு, ரீஸ்டார்ட் செய்ய மறந்து, வேலையையும் விட்டுப் போயிருப்பார். ஒரு நாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் போய், மெஷின் திரும்ப எழும்போது அவருடைய மாற்றமும் எழுந்து வரும். அவருக்குப் போன் போட்டால் பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பார்.

மெஷின்களுக்கு ஆற்றுப் பெயர் வைப்பது அப்போது வழக்கம். எங்களுக்குக் காவிரியில் வெப்சைட், வைகையில் மெயில், தாமிரபரணியில் டேட்டாபேஸ். டெஸ்ட் மெஷினுக்குக் கூவம். என்ன வேண்டுமானாலும் அதில் கொட்டலாம் என்ற பொருளில் வைத்த பெயர். ஓடுவது எல்லாமே ரெட்ஹேட் 7.2, அப்பாச்சி 1.3. கொஞ்ச காலம் கூவம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி உழைத்தது. பிறகு மேலிடத்தில் ஒருவருக்கு அவசரமாக ஒரு சின்னப் பக்கம் தேவைப்பட்டது. “தற்காலிகமாத்தான், ஒரு வாரம்” என்று கூவத்தில் ஏற்றினார்கள். அந்தப் பக்கத்தின் முகவரி விசிட்டிங் கார்டில் அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து கூவத்தைத் தொடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். டெஸ்ட் மெஷின் என்று ஒன்று எங்களிடம் இல்லை. முன்பு டெஸ்ட் மெஷினாக இருந்த ஒன்று இருந்தது.

அப்புறம் எங்கே சோதிப்பது? சீனியரிடம் அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரே மாற்றத்தை ஏழெட்டு மெஷினில் போட வேண்டியிருந்தால், எந்த டிபார்ட்மென்ட் சத்தம் போடாதோ அதனுடைய மெஷினை முதலில் எடுப்பார். பெரும்பாலும் அது நூலகத்துடையதாக இருக்கும். வி-ஐயில் திறப்பார், மாற்றுவார், கான்ஃபிக்-டெஸ்ட் கொடுப்பார். ‘சின்டாக்ஸ் ஓகே’ என்று வந்தால் ரீஸ்டார்ட். பிறகு சட்டைப்பையைத் தட்டிச் சில்லறை இருக்கிறதா பார்த்துக்கொண்டு, “வா தம்பி, டீ குடிச்சிட்டு வரலாம். போன் வரலைன்னா மத்ததுலயும் போட்டுடலாம்” என்பார். மானிட்டரிங் என்பது அந்தப் போன்தான்.

‘சின்டாக்ஸ் ஓகே’யை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அடைப்புக்குறி எல்லாம் சரியாக மூடியிருக்கிறது என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. வேறொரு கஸ்டமரின் ஃபோல்டரைக் காட்டச் சொல்லி எழுதியிருந்தாலும், ஃபோல்டர் இருந்தால் போதும், ஓகே. இலக்கணம் சரியாக இருக்கும் பொய்.

டிஎன்எஸ் ஃபைலை மாற்றினால் இன்னொரு சடங்கு. வரியின் கடைசியில் புள்ளி இருக்கிறதா என்று மானிட்டர் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணுவார். திரையில் விரல் ரேகை படியும். முழுப் பெயருக்குப் பின் அந்தப் புள்ளி இல்லாவிட்டால், டொமைன் பெயர் இன்னொரு தடவை தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கெல்லாம் அது கிழவர் வேலையாகப் பட்டது. 2009 அக்டோபர் 12 அன்று ஸ்வீடன் நாட்டின் டாட் எஸ்இ டொமைன் முழுவதுமே இயங்காமல் போனது. பராமரிப்பின்போது ஓடிய ஸ்கிரிப்ட், கடைசிப் புள்ளியைப் போடாமல் விட்டிருந்தது. செய்தியைப் படித்தபோது அந்த விரல் ரேகைதான் ஞாபகம் வந்தது.

தொலைவில், மும்பையிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மெஷினில் கை வைப்பதென்றால் கவனம் இரட்டிப்பாகும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கை மாற்றும்போது, உள்ளே இருக்கும் விண்டோவை மூடவே கூடாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. இன்னொரு விண்டோவில் புதிதாக லாகின் செய்து பார்க்க வேண்டும். அது உள்ளே விட்டால்தான் முதல் விண்டோவை மூடலாம். இன்றும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. செலவு ஒரு விண்டோ.

ஃபயர்வாலுக்கு வேறு வித்தை. “இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லா ரூலையும் அழித்துவிடு” என்று மெஷினுக்கே ‘அட்’ கமாண்டில் ஒரு வேலையை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் புது ரூலைப் போடுவார் சீனியர். தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டாலும் பத்தாவது நிமிடம் கதவு திறக்கும். சரியாக வந்துவிட்டால் ‘அட்’ வேலையை ரத்து செய்துவிடலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. ஐபிடேபிள்ஸில் ரூல்களை அழித்தாலும் அடிப்படைப் பாலிசி அப்படியே நிற்கும். பாலிசி ‘டிராப்’ என்று இருந்து, அனுமதிக்கும் ரூல்கள் மட்டும் அழிந்தால், கதவு திறப்பதற்குப் பதில் இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். அதனால் முதலில் பாலிசியை ‘அக்செப்ட்’ ஆக்கு, பிறகு அழி என்று இரண்டு வரியாக எழுதுவார். தப்பிக்கும் வழியையும் முதலில் கூவத்தில் ஓட்டிப் பார்ப்பார், கூவம் கூவமாக இருந்த வரைக்கும்.

இதே புத்திதான் சிஸ்கோ ரவுட்டரில் ‘ரீலோடு இன்’ என்று இருந்தது, ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று இருந்தது. சொன்ன நேரத்துக்குள் நீங்கள் திரும்பி வந்து ‘சரி’ என்று சொல்லாவிட்டால் பெட்டி பழைய நிலைக்குப் போய்விடும். இன்று உபுண்டுவில் ‘நெட்பிளான் ட்ரை’ என்று கொடுத்தால் 120 விநாடி காத்திருந்துவிட்டு மாற்றத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது.

அந்தக் காலத்து ப்ரோகிராம்களில் சீனியரின் குரலிலேயே பேசியது வி-சூடோ ஒன்றுதான். சூடோ ஃபைலில் தப்பாக எழுதிச் சேமிக்கப் போனால், எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு, இப்போ என்ன பண்றதா உத்தேசம் என்று கேட்கும். திரும்ப எடிட் செய்யலாம், சேமிக்காமல் வெளியேறலாம். மூன்றாவதாக, இருக்கட்டும் என்று சேமித்துவிட்டும் போகலாம். அதற்குப் பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் ‘டேஞ்சர்’ என்று போட்டிருக்கும். இதைப் படித்துவிட்டும் மூன்றாவதை அழுத்திய ஆட்கள் உண்டு.

பொற்காலம் என்று இதற்குப் பெயர் வைக்க நான் தயாரில்லை. ஏழு மெஷினுக்குச் சரிப்பட்ட முறை எழுபதுக்குச் சரிப்படவில்லை. கையால் ஒவ்வொன்றாகச் செய்யும்போது ஐந்தாவது மெஷினில் போன் வரும், பேசிவிட்டுத் திரும்பி ஏழாவதிலிருந்து தொடங்குவோம். விட்டுப்போன ஆறாவது, பிற்பாடு ஒரு நாள் தன்னைக் காட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது இதுதான். எட்டு சர்வரில் புது ப்ரோகிராம் கோடு போட வேண்டும். ஏழில் போட்டார்கள், ஒன்று விட்டுப்போனது. போட்டவரைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் கிடையாது. அந்த எட்டாவது சர்வரில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோடு விழித்துக்கொண்டு, 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் தொலைத்தது. சீனியரின் முறைப்படி முதலில் ஒன்றில் போட்டுப் பார்த்திருந்தாலும், கடைசி ஒன்று விட்டுப்போவதை அந்த முறை தடுத்திருக்காது.

ஆகவே கருவிகள் வந்தன, வரத்தான் வேண்டும். 1993-லேயே ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் சிஎஃப்என்ஜினை எழுதியிருந்தார். எங்கள் சந்துக்கு அது வந்து சேரவில்லை. 2005-இல் லூக் கேனிஸின் பப்பெட், 2009-இல் ஷெஃப், 2012-இல் மைக்கேல் டிஹானின் ஆன்சிபிள். எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைதான்: மெஷினில் போய் எதையும் செய்யாதே; மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுது; கருவி அதைப் படித்து ஆயிரம் மெஷினையும் அப்படியே ஆக்கும். எழுதியது, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இருக்கும், யார் எப்போது மாற்றினார் என்பது தெரியும். டோன்ட்-டச்-நியூ ஒழிந்தது. ஆயிரம் மெஷினும் ஒன்று போல இருக்கும். தப்பாக இருந்தாலும் ஒன்று போலவே இருக்கும்.

இப்போதைய எங்கள் டீமில் சார் கிடையாது, எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆற்றுப் பெயரும் கிடையாது. மெஷின்களுக்கு ஆதார் எண் போல நீளமாக ஏதோ இருக்கிறது, ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் பார்ப்பதில்லை, அழித்துவிட்டு வேறொன்றை எழுப்பிக்கொள்கிறோம். ஒரு டைம்-அவுட்டை 30-இலிருந்து 60 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். கிட்டில் ஒரு கிளை எடுக்க வேண்டும். அந்த ஓர் எண்ணை மாற்ற வேண்டும். புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும். உடனே லின்ட் என்று ஒன்று ஓடி, வரியின் கடைசியில் தேவையில்லாத ஸ்பேஸ் இருக்கிறது என்று சிவப்புக் காட்டும். ஸ்பேஸை எடுத்ததும் மாலிக்யூல் ஓடும். அது ஒரு கன்டெய்னரை எழுப்பி, மாற்றத்தைப் போட்டு, இரண்டாவது தடவையும் போட்டு, இரண்டாம் தடவை எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கன்டெய்னரை அழித்துவிடும். பிறகு இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முதல் ஆள், வேரியபிள் பெயர் இன்னும் தெளிவாக இருக்கலாமே என்பார். இரண்டாவது ஆள் கட்டைவிரலைத் தூக்கிய படம் போடுவார். 60 சரியா, 60 ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

கன்டெய்னரில் எல்லாம் பச்சை வருவதில் ஒரு ரகசியம் உண்டு. அதற்கென்று சொந்தமாகக் கெர்னல் இல்லை. தாங்கி நிற்கும் மெஷினின் கெர்னலில்தான் குடியிருக்கிறது. கெர்னல் அளவிலான ஒரு செட்டிங்கை மாற்றுகிறீர்கள் என்றால் அங்கே பாஸ் வாங்கிய மார்க்குக்கு உண்மையான சர்வரில் மதிப்பு கம்மி. இதைச் சொன்னால், “தெரியும், அதனால அந்த டெஸ்டை மட்டும் ஸ்கிப் பண்ணி வச்சிருக்கோம்” என்கிறார்கள். ஸ்கிப் செய்ததும் பச்சைக் கணக்கில்தான் சேர்கிறது.

இதெல்லாம் முடிந்தபின் செக் மோடு. பப்பெட்டில் இதற்கு நோ-ஆப் என்று பெயர். உண்மையில் எதையும் மாற்றாமல், மாற்றுவதாக இருந்தால் என்னென்ன மாறும் என்று மட்டும் சொல்வது. மிக நல்ல ஏற்பாடு, நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் ‘நன்றாகப் பாடுவாள்’ என்று அம்மா சொல்வதற்கும் பெண் பாடிக் காட்டுவதற்கும் உள்ள தூரம் அதில் இருக்கிறது. புதிய மெஷினில் என்ஜின்எக்ஸை நிறுவு என்பது முதல் வரி. அதன் ஃபோல்டருக்குள் இந்த ஃபைலை வை என்பது அடுத்த வரி என்று வையுங்கள். செக் மோடில் முதல் வரி ‘நிறுவியிருப்பேன்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். இரண்டாவது வரி ‘அப்படி ஒரு ஃபோல்டரே இல்லையே’ என்று அலறும். ஷெல் கமாண்டுகளையோ செக் மோடு தொடுவதே இல்லை. அவற்றின் விடையை நம்பி எழுதிய அடுத்த வரிகள் அந்தரத்தில் தொங்கும். இல்லாத கோளாறுக்கு அலறுகிறது, இருக்கும் கோளாறுக்கு அமைதி காக்கிறது. பழகப் பழக, அலறினாலும் “அது செக் மோடுல அப்படித்தான் வரும்” என்று கடந்து போகப் பழகிவிடுகிறோம்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. ஒரு ஃபைலின் பெர்மிஷன் 644 என்று இருக்க வேண்டும். சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். ஆன்சிபிளில் இதை மேற்கோள் குறி இல்லாமல், முன்னால் பூஜ்யமும் இல்லாமல் வெறும் 644 என்று எழுதினால், அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்ளும். பத்தின் அடியில் 644 என்பது எட்டின் அடியில் 1204. அதன்படி சொந்தக்காரரால் எழுத மட்டும் முடியும், தான் எழுதியதைப் படிக்க முடியாது. குழுவில் உள்ளவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஊரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் படிக்கலாம். ஆன்சிபிள் ஃபைல்களின் மொழியான யாமல் இலக்கணப்படி அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. லின்ட்டை ஒழுங்காக வைத்திருந்தால் அது பிடித்துவிடும். அது ஸ்பேஸுக்காகக் கத்தும்போது எரிச்சலில் அணைத்து வைத்திருந்தால் பிடிக்காது. செக் மோடோடு டிஃப்பும் சேர்த்துக் கேட்டால் 0644 போய் 01204 வருகிறது என்று இரண்டு வரியில் எழுதிக் காட்டும். யாராவது படித்தால் தெரியும். டிஃப் முந்நூறு வரிக்கு ஓடும்போது கீழே ‘ஃபெயில்டு 0’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் நடைமுறை. விரல் வைத்து எண்ணும் ஆட்கள் ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

பழைய புத்தி எல்லாம் காணாமல் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்சிபிளில் டெம்ப்ளேட் போடும்போது ‘வேலிடேட்’ என்று ஒரு வரி சேர்த்தால், புதிய சூடோ ஃபைலை இடத்தில் வைப்பதற்கு முன் வி-சூடோவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும். ‘டேஞ்சர்’ என்று கேட்கும் அந்தக் கேள்வி இப்போது இல்லை, தப்பென்றால் நேராக நிறுத்திவிடும். இது சந்தேகமில்லாமல் முன்னேற்றம்.

அடுத்து ஸ்டேஜிங். ப்ரொடக்‌ஷனின் நகல் என்று சொல்வார்கள். ப்ரொடக்‌ஷனில் லோடு பேலன்சருக்குப் பின்னால் நாற்பது மெஷின் என்றால் ஸ்டேஜிங்கில் இரண்டு. செலவைக் குறைக்கும் மாதத்தில் ஒன்று. அங்கே நம்மைத் தவிர டிராஃபிக் கிடையாது. பலவேளை அதையும் தொட முடியாது, “கிளையன்ட் டெமோ ஓடுது, நாளைக்குப் பண்ணிக்கலாமா?” என்று சாட்டில் யாராவது கேட்பார்கள். கூவம் கிளவுடுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிறகு சேஞ்ச் டிக்கெட். ‘லோயர் என்விரான்மென்ட்டில் டெஸ்ட் செய்யப்பட்டதா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். ‘ஆம், ஆனால் அது வேற மாதிரி’ என்பதற்குக் கட்டம் இல்லை. ‘பேக்-அவுட் பிளான்’ என்ற இடத்தில் எல்லாரும் ‘மாற்றத்தைத் திரும்பப் பெறுதல்’ என்று எழுதுகிறோம். அந்தத் திரும்பப் பெறுதலை யாராவது ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்களா என்று படிவம் கேட்பதில்லை.

எந்த நாளில் போடுவது என்பதில்தான் நம் ஊருக்கும் ஐடிக்கும் ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை நமக்கு மங்கள நாள்; வீட்டில் விளக்கேற்றுவார்கள், புதுக் காரியம் தொடங்குவார்கள். உலகம் முழுக்க உள்ள சர்வர்காரர்களுக்கோ வெள்ளி ஆகாத நாள். போட்டுவிட்டு வீக்எண்டில் யார் பார்ப்பது? எங்கள் சேஞ்ச் மீட்டிங்கில் வெள்ளி என்றால் ஒரே குரலில் வேண்டாம் என்கிறார்கள். திங்கள் காலை என்று முடிவானதும் சென்னையிலிருந்து ஒருவர் மைக்கை அன்மியூட் செய்து, “ஏழரைல இருந்து ஒன்பதுக்குள்ள மட்டும் வேண்டாமே, பீக் அவர்” என்றார். அந்த நேரத்தில் பீக் ஏதும் கிடையாது. தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டோம், ராகு காலத்துக்கு இப்படி ஒரு டெக்னிக்கல் காரணம் கிடைத்ததே என்று. ஒன்பதே கால் என்று டிக்கெட்டில் ஏறியது.

பெரிய இடங்களிலும் கதை இதுதான் என்பது ஆறுதலா பயமா தெரியவில்லை. 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் தன் ஃபயர்வாலில் ஒரு புதிய ரூலைச் சேர்த்தது. அதைச் ‘சிமுலேட்’ மோடில்தான் போட்டார்கள். யாரையும் தடுக்காது, தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குறித்துக்கொள்ள மட்டும் செய்யும், அதாவது ஒத்திகை. ஆனால் குறித்துக்கொள்வதற்கும் ரூலை ஓட்டித்தானே ஆக வேண்டும்? அதிலிருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன், உலகெங்கும் இருந்த அவர்களுடைய மெஷின்களின் சிபியு முழுவதையும் தின்றது. டெஸ்ட்கள் எல்லாம் பாஸ். சிபியு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கும் டெஸ்ட் இல்லை. 27 நிமிடம், அவர்கள் வழியாகப் போன தளங்கள் திணறின. மற்ற சாஃப்ட்வேர் மாற்றங்களைப் படிப்படியாகப் பரப்பும் வழக்கம் அவர்களிடமே இருந்தது. ஃபயர்வால் ரூல் மட்டும் அவசரத்துக்கு உரியது என்பதால் விநாடிகளில் எல்லா இடத்துக்கும் போகும். ஒத்திகை பார்த்ததில் நாடகக் கொட்டகை எரிந்த சம்பவம் எனக்குத் தெரிந்து இதுதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் விழுந்தபோதும், தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்ததாக அவர்களே எழுதினார்கள்.

பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அந்தக் கோளாறான கான்ஃபிகரேஷன் ஃபைல் புறப்பட்டது இந்திய நேரப்படி காலை 9:39. ராகு காலம் தொடங்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது 10:57, நட்டநடு ராகு காலத்தில். இடைப்பட்ட நேரத்தில் மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பஞ்சாங்கத்தை நம்புகிறவர்கள் இந்த இரண்டு நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

சோதிக்காமல் அனுப்பினார்களா என்றால், இல்லை. வேலிடேட்டர் என்ற சோதனைக் கருவியே வைத்திருந்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: ஃபைலின் வார்ப்பில் 21 கட்டம், மெஷினில் ஓடும் கோடு கொடுத்ததோ 20. வேலிடேட்டர் 21 வரும் என்று நம்பிக்கொண்டிருந்தது. முன்பு சோதித்தபோதெல்லாம் 21-வது கட்டத்தில் ‘எதுவானாலும் சரி’ என்று போட்டிருந்ததால் யாரும் அந்தக் கட்டத்துக்குள் எட்டிப் பார்க்க நேரவில்லை. அன்று முதன்முதலாக அதில் ஒரு குறிப்பான நிபந்தனை வந்தது. கோடு, இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விழுந்தது. படுத்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ரிமோட்டில் வைத்தியம் கிடையாது. ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. எங்கள் காலத்து ஆட்களுக்கு அந்த வாரம் மரியாதை கூடியது. பிறகு அந்த நிறுவனம் அறிவித்த சீர்திருத்தங்களில் ஒன்று: இனி இவ்வகை ஃபைல்களையும் முதலில் கொஞ்சம் மெஷின்களுக்கு அனுப்பி, பொறுத்துப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவோம்.

நூலகத்து மெஷினில் முதலில் போட்டதற்கு இன்று கேனரி என்று பெயர், சுரங்கத்தில் விஷவாயுவைக் காட்டிக்கொடுத்த பறவையின் பெயர். மாநாடுகளில் ஸ்லைடு போட்டு விளக்குகிறார்கள். ஆன்சிபிளில் ‘சீரியல்’ என்று எழுதி, முதலில் ஒன்று, பிறகு பத்து சதவீதம், பிறகு மிச்சம் என்று கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், ஒவ்வொரு வேலையையும் லிஸ்டில் உள்ள எல்லாருக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். எங்கள் ப்ளேபுக்கில், அதாவது ஆன்சிபிளுக்கு எழுதிய வேலைப் பட்டியலில், சீரியல் இருந்தது. ஆனால் ஒன்று முடிந்த அடுத்த விநாடியே பத்து சதவீதம் தொடங்கிவிடும். கேனரி மூச்சை இழுப்பதற்குள் மற்றவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தது டீமில் புதிதாகச் சேர்ந்த பெண். ஒரு நாள் லாகைப் பார்த்துவிட்டு, “முதல் சர்வர் முடிஞ்சதுக்கும் அடுத்தது ஆரம்பிச்சதுக்கும் நடுவுல யார் என்ன பார்த்தாங்க?” என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. டெஸ்ட்கள் பார்த்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். டெஸ்ட்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வேறோர் இடத்தில் முடிந்துபோயிருந்தன. ப்ளேபுக்கின் கடைசியில் அவர் சில வரிகளைச் சேர்த்தார்: ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் 15 நிமிடம் நில். ஏன் 15 என்று கேட்டேன். கணக்கு வைத்திருந்தார். கோளாறு ஐந்து நிமிடம் தொடர்ந்து நீடித்தால்தான் எங்கள் அலாரம் அடிக்கும். கிராஃபில் எண் வந்து சேர இன்னும் ஒன்றிரண்டு நிமிடம். பழைய கனெக்‌ஷன்கள் கழிந்து புதியவை புதிய கான்ஃபிக்கில் வந்து உட்கார ஐந்தாறு நிமிடம். மேலே கொஞ்சம் இடம். டீக்கடைக்குப் போய் வர அன்றைக்கு அவ்வளவுதான் ஆகும். அதை அவரிடம் சொன்னேன், “சீரியஸா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வருஷ ஆடிட்டில் அந்த வரிகள் மாட்டின. பைப்லைன் ஒவ்வொரு தொகுதிக்கும் 15 நிமிடம் சும்மா நிற்பதற்கு என்ன அடிப்படை, அதற்கான கொள்கை ஆவணத்தை இணைக்கவும் என்று கேட்டிருந்தார் ஆடிட்டர். அந்தப் பெண்ணின் கணக்கை அப்படியே அனுப்பினோம். அது கணக்கு, ஆவணம் அல்ல என்று திரும்பி வந்தது. பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில். ‘இந்தத் துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்பற்றப்பட்டுவரும் செயல்பாட்டு நடைமுறையின்படி’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி, மேலே ஒரு வெர்ஷன் நம்பரும் போட்டு அனுப்பினேன். டீ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஏற்றுக்கொண்டார். கூடவே ஒரு பரிந்துரை: அடுத்த காலாண்டுக்குள் இதை ஐந்து நிமிடமாகக் குறைக்க முடியுமா என்று பரிசீலிக்கவும்.